செலவில்லாத பூங்கா

அலுவலக நேரத்தில் அக்கா போன் செய்கிறவள் அல்ல. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். வேலை நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் ஒன்று சாவு, இல்லையென்றால் சாவுக்குப் பக்கத்தில் ஏதோ என்பது அவள் கணக்கு. அதனால் மேசைமேல் அதிர்ந்த கைபேசியில் அவள் முகத்தைப் பார்த்ததுமே, நகராட்சி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த அவள் தம்பி கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு எடுத்தார்.

"தம்பி, பார்க்குக்குள்ள ஒரு மெஷின் வந்து நிக்குது. தரையில ஓட்டை போடுறாங்க. நீ அனுப்புனதா?"

"நான் எதுக்குக்கா அனுப்பப் போறேன்? என்ன மெஷின்?"

"எனக்கென்ன தெரியும்? ஆளு ஒசரத்துக்கு ஊசி மாதிரி இருக்கு. ரோஜாப் பாத்தி நடுவுல எறக்கிட்டாங்க. என்னப்பா இதுன்னா, மண்ணு டெஸ்ட்டுங்கிறான். அஞ்சு மாடியில கார் நிறுத்துற கட்டடம் வருதாம்."

"இடம் மாத்தி வந்திருப்பாங்கக்கா. எங்க ஆளுங்க லட்சணம்தான் தெரியுமே."

"நானும் அப்படித்தான் சொன்னேன். உங்க ஆபீஸ் பேப்பரை எடுத்து நீட்டுறான். நூத்திப் பதினேழாம் நம்பர் இடமாம்."

அந்த எண்ணை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். போன மாதம் ஆணையர் அறையில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, குத்தகைக்கு விடலாம் என்று வாசித்த எண்களில் அதுவும் ஒன்று. வாசித்து முடித்ததும் ஆணையர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். சுற்றியிருந்தவர்களும் தட்டினார்கள்.

"தம்பி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றார். இருந்தாரா என்பது அவருக்கே சந்தேகமாக இருந்தது. எழுந்து சுவரில் தொங்கிய நகர வரைபடத்திடம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் தெருக்களைத் தொட்டுத் தொட்டு வந்தார். தன் வீட்டுத் தெருவை வரைபடத்தில் தேடுவது ஒரு விநோதமான காரியம். நடந்து பழகிய தெரு அங்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கோட்டின் முனையில் பச்சையாக ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் எறும்பு எழுத்தில் நூற்றுப் பதினேழு.

இருபது வருடமாக அந்தப் பூங்காவின் வாசலைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போய் வருகிறார். வீட்டில் அதற்குப் பெயர் பார்க். அலுவலகத்தில் இடங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இரண்டும் ஒன்று என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் யாரையும் கேட்கவுமில்லை.

*

அந்த நகராட்சியில் பூங்காக்கள் அதிகம், அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பணம் குறைவு. புதிதாக ஒன்று திறப்பதற்கு எப்படியும் பணம் கிடைத்துவிடும். ரிப்பன் வெட்டவும் ஆள் கிடைக்கும். திறந்த மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்ற, புல் வெட்ட, ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போடப் பணம் கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் பராமரிப்புப் பணத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். அப்படி வெட்டிச் சுருக்கித் தரும் வேலை பட்ஜெட் பிரிவுக் கண்காணிப்பாளருடையது என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் கத்திரி.

கத்திரிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வெட்டுகிறவனுக்கும் வலிக்கும் என்பது யாருக்குத் தெரியும்? நெடுநாள் யோசித்து, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பாலத்துக்கு அடியிலும் சாக்கடை ஓரத்திலும் காகிதத்தில் மட்டும் பூங்காவாக இருக்கிற வெற்றிடங்கள் எத்தனையோ. அவற்றைக் குத்தகைக்கு விட்டு, வருகிற வாடகையில் உயிரோடு இருக்கிற பூங்காக்களைக் காப்பாற்றினால் என்ன? வெற்றிடம் எது, உயிருள்ளது எது என்று ஊர் முழுக்க நடந்து பார்க்க ஆள் இல்லை. அதற்கும் அவரே ஒரு அளவுகோல் வைத்தார். மூன்று வருடம் தொடர்ந்து ஒரு காசுகூடச் செலவாகாத இடம் பயன்பாட்டில் இல்லாத இடம். செலவே இல்லையென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்றுதானே பொருள்? அன்றைக்கு அது அவருக்குப் பட்டப்பகல் போலத் தெளிவாக இருந்தது.

பட்டப்பகலில் அவர் பார்க்கத் தவறியது தன் வீட்டு எதிர்வாடையை. அங்கே தோட்டக்காரர் ஓய்வுபெற்றுப் போனார். அந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. அந்தச் சமயத்தில்தான் அக்காவும் ஓய்வு பெற்றாள். வீட்டுக் குழாயில் நீளமான ரப்பர்க் குழாயை மாட்டி, தெருவைக் கடந்து பூங்காவுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். முதலில் தண்ணீர். பிறகு களை. பிறகு பெயிண்ட் டப்பா. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எதிர்வரிசைத் தையல்காரர் வீட்டு அம்மாள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். தெருவே அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டது. சொந்தத் தம்பி ஒருவர்தான் அக்கா என்றார்.

தம்பிக்கும் பெருமை தாங்கவில்லை. பூங்கா ஆய்வாளர் ஒவ்வொரு வருடமும் ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "எங்க தெருவுக்கு வேண்டாம்பா. எங்க அக்கா இருக்கா. அந்த ஆளை வேற எங்கயாவது அனுப்பு" என்று சொன்னவர் அவரேதான். மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றெல்லாம் அவர் இன்னொரு டீ குடித்திருக்கிறார்.

*

பொறியாளர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். எப்போதும் சிரித்த முகம்.

"வாங்க சார், வாங்க! உங்க திட்டம் ஜெட் வேகத்துல போகுது. திங்கக்கிழமை மன்றத்துல பாஸ் ஆகப்போற விஷயம்தானேன்னு மண் டெஸ்ட்டை இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன்."

"நூத்திப் பதினேழை எடுத்துடணும்பா."

"எதுக்கு சார்?"

"அது வெத்து இடம் இல்ல. நல்ல பூங்கா. எங்க வீட்டுக்கு எதிர்லதான் இருக்கு."

பொறியாளர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எதிரில் இருந்தவர் முகத்தைக் கண்டு தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நேத்து ஒரு உறுப்பினர் வந்து என் கால்ல விழாத குறை. அவர் வார்டு இடத்தை விட்டுடணுமாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க கத்திரி சார், சாரி சார், எங்க கண்காணிப்பாளர் சிபாரிசுக்கு ஈ நுழையற சந்துகூட வைக்கலைன்னேன். எவர் சொன்னாலும் விலக்கு கிடையாதுன்னு நீங்கதானே சார் எழுதுனீங்க?"

"நான்தான் எழுதுனேன்."

"இப்ப உங்க வீட்டு வாசலுக்கு மட்டும் விலக்குன்னா மன்றம் ரெண்டாயிடும். உங்களையும் கிழிப்பாங்க, என்னையும் கிழிப்பாங்க."

கண்காணிப்பாளர் தண்ணீர்க் குவளையை மேசைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'டக்'கென்றது. வயதில் பெரியவர் இப்படி நகராமல் உட்கார்ந்திருந்தால் அது இளையவரைச் சங்கடப்படுத்தத்தானே செய்யும்.

"ஒரே வழிதான் சார்" என்றார் குரலைத் தாழ்த்தி. "திங்கக்கிழமைக்குள்ள அந்த நம்பர்ல செலவு ஏறணும். எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. ஏறிட்டா கம்ப்யூட்டரே அதைக் கழட்டி விட்டுடும். யாரும் யாரையும் கேக்கவேண்டாம்."

"நாளைக்கே ரெண்டு ஆளை அனுப்பி புல்லு வெட்டச் சொல்லு."

"புல்லுக்கு அனுமதி வாங்கணும். மூணு மாசம் ஆகும். அதையும் உங்க பிரிவுலதான் வாங்கணும்." மறுபடி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அனுமதி இல்லாம ஓடுறது அவசரப் பிரிவு ஒண்ணுதான். கூப்பிட்டா வருவாங்க, வேலையை முடிப்பாங்க, அன்னிக்கே செலவை ஏத்திடுவாங்க."

"பெஞ்சு ஒடஞ்சிருக்குன்னு சொன்னா?"

"அது மனு சார். அவசரம் இல்ல. ரோடு மறிக்கணும், இல்ல ஆள் மேல எதாவது விழற நெலமையில இருக்கணும். நல்லாத் தேடிப் பாருங்க. நம்ம பூங்காவுல இல்லாத ஓட்டையா?"

*

அன்று மாலை வீட்டுக்குள் நுழையாமல் நேராகப் பூங்காவுக்குள் போனார். துளையிடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ரோஜாப் பாத்தியில் ஒரு குழி. அதைச் சுற்றிக் கால்தடங்கள்.

தேட ஆரம்பித்தார். ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். முனகல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளங்கையில் எண்ணெய் ஒட்டியது. விளக்குக் கம்பத்தின் பெட்டியைத் திறக்கப் பார்த்தார். மழைநீர் இறங்காமல் அதை ரப்பர்த் துணியால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள், காயத்துக்குக் கட்டுப் போடுவதைப் போல. சுவரோரம் போய்த் தோளால் முட்டினார். சுவர் இவரைத் திருப்பி முட்டியது. குனிந்து பெஞ்சுகளின் அடியைப் பார்த்தார். ஒரு ஆணிகூடத் துருத்திக்கொண்டிருக்கவில்லை. நிமிர்ந்து ஒவ்வொரு மரமாக அண்ணாந்தார். பட்டுப்போன கிளைகள் எல்லாம் முன்னமே சீராக நறுக்கப்பட்டு, நறுக்கிய இடத்தில் பூச்சுப் பூசியிருந்தது.

அவருக்கு வியர்த்தது. இத்தனை வருடம் இதன் வழியாக நடந்தும் இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர் கண்டதில்லை. குறை தேடி வந்த இன்றைக்குத்தான் அதெல்லாம் கண்ணில் பட்டது. திரும்பிய பக்கமெல்லாம் அக்காவின் கை. அவள் கை பட்ட ஒவ்வொரு இடமும் இந்தப் பூங்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன சார், மோதிரத்தைத் தொலைச்சிட்டீங்களா?" நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் துடைப்பத்தோடு வந்தார்.

"இல்ல. எதாவது ஒடஞ்சு கெடக்கான்னு பாக்கறேன்."

"ஒடையறதா? சிஸ்டர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு இங்க ஒரு சுள்ளி ஒடையுமா சார்? போன வாரம் அந்த ஊஞ்சல் லேசா கீச்சுன்னுது. எனக்குக் கேக்கவே இல்ல. வீட்டுக்குள்ள இருந்து எண்ணெய்க் கிண்ணத்தோட ஓடி வர்றாங்க." கண்டக்டர் பெருமையாகச் சிரித்தார். கண்காணிப்பாளர் அந்தச் சிரிப்பைப் பார்த்து நின்றார்.

*

அக்கா அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். சமையலறை மேசையில் மூன்று பேருக்கும் தட்டு வைத்தாள். மாடியிலிருந்து அவர் மனைவியும் இறங்கி வந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை, மன்றம், மூன்று வருடம், செலவில்லாத இடம். அக்கா வார்டில் நோயாளியின் கதையைக் கேட்பது போல இடையில் மறிக்காமல் கேட்டாள்.

"செலவு ஆகலைன்னா அங்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?"

"அப்படித்தான் விதி."

"எந்த மடையன் எழுதுனான் இந்த விதியை?"

மனைவி தண்ணீர் நிரப்பப் போகிறவள்போலச் சட்டென்று ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதில் ஏற்கெனவே நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"நான்தான்கா."

அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. யாராவது கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரில் பல்லி ஒன்று குழல்விளக்கைச் சுற்றி வந்து நின்றது. அவர் கையிலிருந்து நழுவிய கரண்டியை எடுக்கக்கூட ஒருவரும் குனியவில்லை.

"தெரிஞ்சு எழுதுனியா?"

"சத்தியமா இல்லக்கா. பாலத்துக்கு அடியில கெடக்கிற இடத்தை நெனைச்சு எழுதுனேன். இது அதுல வரும்னு கனவுலகூட நெனைக்கல."

"உங்களுக்கு வீட்டுக்கு எதிர்ல இருக்கிறது தெரியாது, ஊர்ல இருக்கிறதெல்லாம் தெரியும்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு ஜாடியை மெதுவாக மேசையில் வைத்தாள்.

அக்கா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். "அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நான் அங்க போகாம, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து டிவி பாத்திருந்தா, அது காடா கெடந்திருக்கும். ஜனங்க சண்டைக்கு வந்திருப்பாங்க. நீங்களும் திட்டிக்கிட்டே ஆள் அனுப்பியிருப்பீங்க. செலவு ஏறியிருக்கும். பார்க் தப்பிச்சிருக்கும். அப்படித்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"ஆமாக்கா" என்று வந்தது.

அவள் தலையாட்டினாள். ஒரு பரிசோதனையின் முடிவு கைக்கு வந்ததும், அது என்ன முடிவாக இருந்தாலும், படித்துவிட்டுத் தலையாட்டுகிற ஆட்டம். ஆனால் மேசைக்கு மேல் இருந்த அவள் கை, அடியில் இருந்த மேசைத்துணியை மடித்து மடித்து ஒரு கயிறுபோல ஆக்கிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. அவசரப் பிரிவு வந்தாத்தான் உண்டு. அவங்க வர்றதுக்கு ரோடு மறிக்கணும், இல்ல எதாவது இடிஞ்சு விழணும். நான் ஒரு மணி நேரம் தேடிட்டேன். நீதான் எல்லாத்தையும் இப்படிப் பாத்து வச்சிருக்கியே." குற்றம் சாட்டுவதுபோல வந்துவிட்ட குரலை அவர் விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

அக்கா எழுந்து அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "ஆறிடப்போகுது, சாப்பிடு" என்றாள். அன்று அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

*

சனிக்கிழமை விடுமுறை. நன்றாக விடிந்து, வெயில் ஜன்னல் வழியாகத் தரைக்கு வந்த பிறகுதான் அவர் எழுந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு கன்னத்தை மழித்து முடித்த நேரம், தெருவில் விசில் சத்தம் கேட்டது. ஒரே ஒரு நீண்ட விசில். பஸ் விசில். இந்தத் தெருவில் பஸ் வராதே என்று நினைத்தார். மறுபடியும் விசில். யாரோ காரின் ஹாரனை அழுத்தினார்கள். "நிறுத்துப்பா! எறங்கு, எறங்காம இருந்தா பின்னாடி எடு!" என்று கண்டக்டரின் குரல், ஓய்வுபெறுவதற்கு முந்தைய குரல்.

பிறகு அந்தச் சத்தம். முதலில் துணி கிழிவதைப் போல ஆரம்பித்தது. நடுவில் எலும்பு முறிகிறது என்று தோன்றியது. முடிவில் தரை அதிர்ந்தது. கண்ணாடி அலமாரிக்குள் குப்பிகள் ஒன்றோடொன்று மோதின.

கையில் சவரக் கத்தியோடு, பாதி முகத்தில் நுரையோடு படிகளில் இறங்கி வாசலுக்கு ஓடினார்.

பூங்காச் சுவரை ஒட்டி நின்ற மரம் தெருவின் குறுக்கே கிடந்தது. முழு மரம். பச்சை இலைகளோடு, கூட்டிலிருந்து தப்பிய காக்கைகள் மேலே கத்திக்கொண்டிருக்க, இந்தச் சுவரிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை கிடந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றிருந்தன. கண்டக்டர் விசிலை வாயில் கவ்வியபடி இரண்டு கைகளையும் விரித்து ஒரு பக்கத்தை மறித்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தைத் தையல்காரர் வீட்டு அம்மாள் மறித்தாள். மரத்தின் அடியில், இரண்டு கைப்பிடியுள்ள நீண்ட ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி அக்கா நின்றாள். வேலை பார்க்கும்போது போட்டுக்கொள்ளும் பழைய வெள்ளைக் கோட்டு முழுக்க மரத்தூள்.

"அக்கா!" அவர் குரல் அவருக்கே யாரோ கத்தினதுபோல இருந்தது. "என்னக்கா பண்ணிட்ட!"

அவள் திரும்பினாள். மூச்சு வாங்கியது. "யார் மேலயும் படல. பாத்துத்தான் சாய்ச்சோம். நீ போய்ப் போன் பண்ணு."

"நல்ல மரம்க்கா..."

"நல்ல மரம்தான்" என்றாள். "போன் பண்ணு தம்பி. நான் பண்ணுனா லேட்டா வருவாங்க."

அந்த மரத்தின் பட்டையை ஒரு லாரி உரசிக் கிழித்தபோது அவள்தான் மூன்று மாதம் மருந்து பூசிக் கட்டுப்போட்டு ஆற்றினாள் என்பது தெருவுக்கே தெரியும். அறுத்த வெட்டு அந்தத் தழும்புக்கு ஒரு சாண் மேலே ஓடியிருந்தது. தழும்பைத் தவிர்த்து அறுத்திருந்தாள். அதை ஏன் கவனித்தோம் என்று அவருக்கு இருந்தது. கவனித்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

போன் செய்தார். பெயரையும் பதவியையும் சொன்னார். வாழ்க்கையில் அவர் அவசரப் பிரிவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

அவசரப் பிரிவின் லாரி அரை மணிக்குள் வந்தது. நான்கு பேரும் ஒரு மேஸ்திரியும். மேஸ்திரி இறங்கி, மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, அடிமரத்தருகில் குந்தி உட்கார்ந்தார். அறுத்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். அக்காவின் கோட்டைப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த ரம்பத்தைப் பார்த்தார். கடைசியில் பாதி முகம் மழித்து நின்ற கண்காணிப்பாளரிடம் வந்தார்.

"சார், நீங்க பட்ஜெட் சார்தானே? இது விழுந்த மரமா?"

கண்காணிப்பாளர் மரத்தைக் கைகாட்டினார். "ரோட்டுல கெடக்குது, பாக்கறீங்கல்ல?"

"கெடக்குது. எப்படி விழுந்துச்சுன்னு காரணம் எழுதினாத்தான் சார் செலவு ஏறும். யாரோ அறுத்தாங்கன்னு எழுதுனா போலீசுக்குப் போயிடும். செலவை அறுத்தவங்ககிட்ட வாங்கிக்கச் சொல்லுவாங்க. இந்த இடத்துக் கணக்குல ஏறாது." மேஸ்திரி வயசான ஆள். கண்ணில் கேலி இல்லை, பரிவும் இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகவேண்டிய அலுப்பு மட்டும்தான். "காத்துன்னு எழுதலாம். ஆனா பாருங்க, ஒரு இலை அசையல. வேர் அழுகல்னா வேரைப் போட்டோ எடுத்து அனுப்பணும். வேர் கல்லாட்டம் இருக்கு."

"அப்ப?"

"இன்னொண்ணு இருக்கு சார். பராமரிப்பு இல்லாம விழுந்துச்சுன்னு. அதை எழுதுனா மேல ஒரு பய கேக்கமாட்டான். ஊர்ல பாதி மரத்துக்கு அதைத்தான் எழுதறோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "பராமரிப்பு இல்லையா? யோவ், யாரைப் பாத்து..." என்று ஆரம்பித்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொன்னால் போதும். எத்தனையோ இடங்களைப் பற்றி எத்தனையோ வாக்கியங்களை அவர் யோசிக்காமல் எழுதியிருக்கிறார். இது மட்டும் வர மறுத்தது. அக்காவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது; பார்க்காமல் சொல்லவும் முடியாது. கன்னத்தில் நுரை காய்ந்து தோல் இழுத்தது. யாரோ ஒருவருடைய காரின் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. மேஸ்திரி காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, காத்திருந்தார்.

"எழுதிக்கங்க" என்றாள் அக்கா.

வார்டை அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் ஒப்படைக்கிற குரல் அது. ஏற்ற இறக்கம் கிடையாது.

"இந்த இடத்தை யாரும் பாத்துக்கறதில்ல. ரொம்ப வருஷமா. தண்ணி ஊத்த ஆள் இல்ல, கிளை வெட்ட ஆள் இல்ல. உள்ள யாரும் வர்றதே இல்ல. அப்படியே எழுதிக்கங்க."

மேஸ்திரி எழுதினார். எழுதும்போது ஒரு தரம் சுவருக்கு அப்பால் தெரிந்த நடைபாதையையும், பூச்செடிகளையும், பெயிண்ட் மின்னிய பெஞ்சுகளையும் நிமிர்ந்து பார்த்தார். தாளைத் திருப்பி நீட்டினார். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். கையில் சவரக் கத்தி இன்னும் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மரத்தைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஏற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர் போன் செய்தார். "சார்! ஏறிடுச்சு சார்! உங்க நம்பர் கழண்டுடுச்சு. எப்படி சார் இவ்வளவு கரெக்டா ஒரு மரம் விழுந்துச்சு? நீங்க அதிர்ஷ்டக்காரர் சார்!" கண்காணிப்பாளர் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா பூங்கா வாசலுக்கு உள்ளே இருந்த முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பிச்சிடுச்சுக்கா."

"ம்."

"வர்ற பட்ஜெட்லயே இதுக்குத் தனியாப் பணம் வைக்கறேன். ஆள் போடறேன். நானே பாத்துப் பண்றேன்."

"பணம் வச்சாப் போதுமா? செலவு ஆகணும்னியே."

"ஆகணும்."

"அப்ப நான் உள்ள வரக்கூடாது."

அவர் அவளைப் பார்த்தார். நேற்றிலிருந்து எத்தனையோ முறை திடுக்கிட்டாயிற்று, இனி ஒன்றும் பாக்கியில்லை என்றுதான் நினைத்திருந்தார். இது எல்லாவற்றையும்விட மெதுவாக, ஒரு ஊசிபோல உள்ளே இறங்கியது. விதி அவர் எழுதியது. அதில் சந்து இல்லை.

லாரி ஆட்கள் இரண்டு பேர் தெருவில் கிடந்த இலைகளையும் தூளையும் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெருக்கினார்கள் என்பது பேச்சுக்கு. நடுத்தெருவில் இருந்ததை ஓரத்துக்குத் தள்ளினார்கள், ஓரத்தில் இருந்ததை வாசலுக்குள் தள்ளினார்கள். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. தன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடைபாதையில் இறங்கினார்.

"விடுங்க" என்றாள் அக்கா.

"பாதையெல்லாம் குப்பை சிஸ்டர். ரெண்டே நிமிஷம்."

"விடுங்கன்னேன்ல. அவங்க பெருக்கட்டும்."

கண்டக்டர் துடைப்பத்தோடு அப்படியே நின்றார். ஆட்கள் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, துடைப்பங்களை லாரிக்குள் எறிந்து ஏறிக்கொண்டார்கள். லாரி கிளம்பிப் போனது. பாதையில் பாதி இலைகள் அப்படியே கிடந்தன. அக்கா அவற்றைப் பார்த்தபடி இருந்தாள். மடியில் இருந்த அவள் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவை பிரிந்துவிடாமல் இருக்க அவள் எவ்வளவு பலத்தைச் செலவழிக்கிறாள் என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.